சத்தமே வராத சர்க்கஸ்: 1971, 72ல் டிவியில் பார்த்தது. எந்த நிகழ்ச்சி என்று யாருக்காவது தெரியுமா?

சவுக்குத்தோப்பு (மொரிசியஸ்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்ட விஷயம் இது. எனக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது, பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நான் வளர்ந்தது தெற்கே சூயாக் பக்கம், சுற்றிலும் கரும்புக் காடு. எங்கள் தீவில் டிவி 1965லேயே வந்துவிட்டாலும் எங்கள் வரிசை வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது 1970 வாக்கில், அதுவும் ஒரே வீட்டில். சர்தார் வீட்டில். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவரை நாங்கள் சர்தார் என்போம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

சாயங்காலம் ஆனால் பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அந்த முன்னறையில் தரையில் உட்கார்ந்துவிடுவோம். சர்தார் வீட்டம்மா கத்தோ பிமா (பருப்பில் செய்யும் காரமான குட்டி வடை) சுட்டுத் தட்டில் கொண்டுவந்து வைப்பார், சில நாள் காகிதப் பொட்டலத்தில் வறுத்த பிஸ்தாஷ் (கடலைக்கு இங்கே அதுதான் பேர்). உள்ளூர் நிகழ்ச்சிகள் எல்லாம் நன்றாகத் தெரியும், சத்தமும் கேட்கும். ஆனால் வாரத்தில் ஒரு நாள் சர்தார் ‘கம்பத்தைத் திருப்பு’ என்பார். வெளியே மூங்கில் கம்பத்தில் கட்டிய ஆண்டெனாவை ரெயூனியன் தீவு இருக்கும் திசைக்கு, அதாவது மேற்கே கடல் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வேலை என் அண்ணனுக்கு. அவனுக்கு அப்போது பதிமூன்று வயது இருக்கும், எங்களில் உயரமானவன் அவன்தான். அவன் கையை எடுத்தால் படம் போய்விடும், ஆகவே நிகழ்ச்சி முடிகிற வரை வெளியே நின்றுகொண்டே ‘வந்துச்சா? வந்துச்சா?’ என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

அப்படித் திருப்பினால் வருவது சர்க்கஸ். படம் மட்டும் வரும், சத்தம் துளிகூட வராது. வெறும் இரைச்சல்தான், அதையும் குறைத்து வைத்துவிடுவார்கள்.

சத்தத்துக்கு எங்களுக்கு ஒருவர் இருந்தார். அடுத்த வீட்டு மாமா நன்றாக ரவான் (ஆட்டுத்தோல் கட்டிய எங்கள் ஊர்ப் பறை) வாசிப்பார். சர்க்கஸ் நாளில் முற்றத்தில் நெருப்பு மூட்டி ஆட்டுத்தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, தோல் இறுகியதும் உள்ளே வந்து டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பார் விளையாட்டுக்காரன் கயிற்று ஏணியில் ஏற ஆரம்பித்ததும் விரல் நுனியால் மெதுவாகத் தொடங்குவார், அவன் மேலே போகப் போக அடி நெருங்கிக்கொண்டே போகும், அவன் பாரை விட்டுப் பாய்கிற கணத்தில் சட்டென்று நிறுத்திவிடுவார். அந்த அறையில் முப்பது பேர் இருந்திருப்போம், மூச்சுச் சத்தம்கூட இருக்காது. எதிரில் தலைகீழாகத் தொங்குகிறவன் இவன் மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் மாமா தோலில் ஓங்கி ஓர் அடி அடிப்பார். இன்றைக்கும் எங்கேயாவது ரவான் சத்தம் கேட்டால் எனக்கு அதற்கு ஆடும் எங்கள் தீவின் ஸேகா ஆட்டம் நினைவுக்கு வருவதில்லை, அந்த ஏணிதான் வருகிறது.

இன்னொன்று. கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் மாட்ட ஒரு பிளாஸ்டிக் தாள் அப்போது விற்றார்கள், மேலே நீலம், நடுவே லேசான பழுப்பு, கீழே பச்சை. சர்தார் அதை வாங்கி மாட்டியிருந்தார். மேலே பறக்கிறவர்கள் நீலமாக இருப்பார்கள், வலையில் விழுந்ததும் பச்சையாகிவிடுவார்கள். சர்க்கஸ் வட்டத்தில் புல் முளைத்திருக்கும் என்றுதான் நான் ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் வந்து சர்தார் வீட்டுத் தகரத்தைப் பிய்த்துப் போட்டது, கம்பமும் போயிற்று, டிவிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அதோடு சர்க்கஸும் முடிந்தது.

என் கேள்விகள் இவை. அது என்ன நிகழ்ச்சி? அந்த இடத்துக்கு உண்மையில் என்ன நிறம்? அப்புறம் மூன்றாவது, இதுதான் ஐம்பது வருடமாக வீட்டில் நடக்கும் சண்டை: தலைகீழாகத் தொங்கிப் பிடிக்கிறவன் திரையில் வலது பக்கம் இருப்பான் என்று நான் சொல்கிறேன், எனக்கு அது கண்ணில் நிற்கிறது. அண்ணன் இடது பக்கம் என்கிறார். ‘நீ வெளியே கம்பத்தைத்தானே பிடித்துக்கொண்டிருந்தாய், நீ எங்கே பார்த்தாய்’ என்று நான் கேட்டால் முகம் மாறிப் பேச்சை நிறுத்திவிடுவார். போன தீபாவளிக்குக்கூட அப்படித்தான் ஆயிற்று. உங்களில் யாராவது அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

*

புதுவைமகள் (ரெயூனியன்) எழுதியது:

அக்கா, வணக்கம். உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது, கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதே நிகழ்ச்சியை நானும் பார்த்திருக்கிறேன்!

நான் புதுச்சேரியில் பிறந்தவள், அப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்து 1971ல் ஒன்பது வயதில் சேன்-ஆந்த்ரேவுக்கு வந்தேன். ரெயூனியனில் டிவி 1964 கடைசியில், கிறிஸ்துமஸ் சமயத்தில் தொடங்கியது. ஒரே சேனல்தான், அதுவும் பிரான்ஸ் அரசாங்கத்து நிலையம். நீங்கள் பார்த்தது ‘லா பிஸ்த் ஓ ஸெத்வால்’ ஆகத்தான் இருக்க வேண்டும், ‘நட்சத்திரங்களின் சர்க்கஸ் வட்டம்’ என்று சொல்லலாம். 1950களின் நடுவில் தொடங்கி 1978 வரை ஓடியது. கில் மார்கரிதிஸ் என்பவர் உருவாக்கியது, ரோஜே லான்ஸாக் வட்டத்தின் நடுவில் நின்று ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்துவார். பிரான்ஸில் புதன்கிழமை இரவு போடுவார்கள், அப்போது அங்கே பள்ளிக்கு வியாழக்கிழமைதான் விடுமுறை, பிள்ளைகள் விழித்திருந்து பார்க்கட்டும் என்று. எங்களுக்குப் படச்சுருள் விமானத்தில் வந்து சேர்ந்த பிறகுதான், அங்கே பார்த்து எத்தனையோ நாள் கழித்து.

எனக்கு அப்போது இந்தத் தீவில் பேசும் கிரியோல் மொழி ஒரு வார்த்தை தெரியாது, பள்ளியில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள், பேசினாலும் எனக்குப் புரியாது. டிவியில் செய்தி புரியாது, நாடகம் பாதி புரியும். சர்க்கஸ் மட்டும் முழுதாகப் புரியும். மறுநாள் பள்ளியில் முதன்முதலாக ஒரு பெண் என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டிப் பறக்கிற மாதிரி செய்து காட்டினாள், நான் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் இன்றைக்கும் என் சிநேகிதி, என் பெண் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் 1994ல் பாரிஸ் போனபோது அந்த இடத்தையே தேடிப்போய்ப் பார்த்தேன். நிகழ்ச்சியைப் படம் எடுத்தது சிர்க் திவேர் என்ற கட்டடத்தில், குளிர்கால சர்க்கஸ் என்று அர்த்தம். கூடாரம் இல்லை, 1852ல் கட்டிய கல் கட்டடம், இருபது பக்கம் உள்ள வட்டமாதிரி. 1934லிருந்து பூக்லியோன் குடும்பம் நடத்துகிறது. பார் விளையாட்டு என்ற ஒன்றே அந்தக் கூரைக்குக் கீழேதான் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் நடந்தது: 1859 நவம்பர் 12, ழூல் லெயோதார் என்ற இளைஞர், பிடிக்க ஆள் கிடையாது, வலையும் கிடையாது, ஒரு பாரிலிருந்து அடுத்த பாருக்குத் தானே பாய்ந்து பிடித்தார்.

நிறம் சிவப்பு அக்கா. நான் போனபோது இருக்கையெல்லாம் சிவப்பு, ஆட்டக்காரர்கள் வருகிற வாசலில் தொங்கும் திரையும் கனமான சிவப்பு வெல்வெட். வட்டத்தின் தரையில் மரத்தூள், ஈரம் தெளித்த மரத்தூளுக்கு ஒரு தேன் நிறம் இருக்குமே, அது. புல் இல்லை.

மூன்றாவது கேள்விக்கு என்னால் முடியாது. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு குழு வந்தது, வலதா இடதா என்று நான் கவனித்ததே இல்லை. என் கண் எப்போதும் பறக்கிறவன் மேல்தான்.

*

சவுக்குத்தோப்பு எழுதியது:

புதுவைமகள், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது. சிவப்பு! எனக்கு இப்போது எல்லாவற்றையும் மறுபடி மனதில் நிறம் பூச வேண்டியிருக்கிறது. நீங்கள் சத்தத்தோடு பார்த்தீர்கள் அல்லவா, ஏணியில் ஏறும்போது அங்கே உண்மையில் என்ன வாசிப்பார்கள்?

*

புதுவைமகள் எழுதியது:

டிரம்தான் அக்கா! பெரிய இசைக்குழு வைத்திருந்தார்கள், நடுவில் பித்தளை வாத்தியம் எல்லாம் முழங்கும், ஆனால் பெரிய பாய்ச்சலுக்கு முன்னால் மற்றதெல்லாம் அடங்கி டிரம் மட்டும் உருளும், பாயும்போது நின்றுவிடும். உங்கள் மாமா ஒரு முறைகூட அதைக் கேட்காமல் சரியாகச் செய்திருக்கிறார்.

*

டர்பன்_மெக்கானிக் (தென்னாப்பிரிக்கா) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் முப்பத்தைந்து வருடம் டிவி ரிப்பேர் செய்தவன், ஆகவே ‘சத்தம் வரவில்லை’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. டிவி அலையில் படம் ஓர் அலைவரிசையில் போகும், ஒலி அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்றில் போகும், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது நாட்டுக்கு நாடு மாறும். மொரிசியஸில் வைத்திருந்த முறைக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ். பிரான்ஸ் தன் கடல்கடந்த தீவுகளுக்கு வைத்த முறைக்கு 6.5. எங்கள் நாட்டில் 6.0. சர்தார் வீட்டுப் பெட்டி 5.5ல் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும், ரெயூனியனின் ஒலி அங்கே இருக்கவே இருக்காது. படம் பிடிபடும், குரல் பிடிபடாது. பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை, கம்பம் பிடித்த உங்கள் அண்ணன் மேலும் தப்பில்லை. உள்ளே ஒரு சின்னக் காயிலைத் திருப்பியிருந்தால் சத்தம் வந்திருக்கும், ஆனால் அப்புறம் உள்ளூர் நிலையம் ஊமையாகியிருக்கும்.

சுமார் 200 கிலோமீட்டர் கடலைத் தாண்டி அது வந்ததற்கும் காரணம் உண்டு. காற்று அசையாத சூடான சாயங்காலங்களில் கடல் மேல் காற்று அடுக்கடுக்காக நிற்கும், அதில் அலை வளைந்து நெடுந்தூரம் போகும். நல்ல காற்று அடித்த நாளில் உங்களுக்குப் படம் மோசமாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இனி என் கதை. எங்களுக்கு டிவி வந்தது 1976 ஜனவரி 5. ஆமாம், அவ்வளவு தாமதம். தபால் தந்தித் துறை அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்ஸாக் டிவி வந்தால் நாடே கெட்டுவிடும் என்று வருடக்கணக்கில் தடுத்துக்கொண்டிருந்தார். பணமில்லாத நாடு இல்லை, மனமில்லாத அரசாங்கம். வந்த பிறகும் ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும்தான், நம் மொழிக்கு இடமே கிடையாது.

அதனால் நான் சர்க்கஸை முதலில் நேரில் பார்த்தவன். 1968, எனக்கு எட்டு வயது, அப்பா சர்க்கரை ஆலையில் வேலை செய்து சேர்த்த காசில் கூட்டிப் போனார். அந்தக் கூடாரத்தில் எங்களுக்கு என்று தனிப் பகுதி, சட்டம் அப்படி, வெள்ளைக்காரர்களோடு உட்கார முடியாது. அந்தப் பகுதி எங்கே இருந்தது தெரியுமா, இசைக்குழுவுக்குப் பின்னால், ஆட்டக்காரர்கள் வந்துபோகிற வாசல் பக்கம். அவர்கள் எல்லாரும் எதிர்ப்பக்கம் பார்த்து ஆடுவார்கள், எதிர்ப்பக்கம் பார்த்து வணங்குவார்கள். பபூன் முகத்தில் என்ன செய்கிறான் என்று தெரியாது, எதிரில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். ஆனால் வாசனை! மரத்தூளும் குதிரைச் சாணமும் மண்ணெண்ணெயும் சிங்கக் கூண்டு வாடையும் கலந்து ஒன்று வரும், அதை எந்த டிவியும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. வாசல் பக்கம் என்பதால் சிங்கக் கூண்டு எங்களை உரசுகிற மாதிரி போகும்.

இன்னொன்றும் பார்த்தேன், எதிர்ப்பக்கத்து ஆட்கள் பார்க்காதது. பார் விளையாடிய பெண் கீழே இறங்கி, எதிர்ப்பக்கம் பார்த்துச் சிரித்து வணங்கிவிட்டு, திரும்பி எங்கள் பக்கமாக வாசலுக்கு வருகிறாள். வரும்போது இரண்டு கையையும் விரித்துப் பார்க்கிறாள். உள்ளங்கையில் வெள்ளைப் பொடி, அதற்கு நடுவே தோல் கிழிந்து ரத்தம். அப்பா என் தோளை அழுத்தினார். கரும்பு வெட்டியவர் அவர், அந்தக் கை அவருக்குத் தெரியும்.

1976க்குப் பிறகு, தவணையில் பெட்டி வாங்கி, ஒரு நாள் அதில் சர்க்கஸ் வந்தபோதுதான் பபூனின் முகத்தை முன்னாலிருந்து பார்த்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார், யாரையும் குறுக்கே போக விடவில்லை.

சரி, உங்கள் வலது இடது விஷயம். நான் எப்போதும் பின்னாலிருந்து பார்த்தவன் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும்: நான் இடது என்று சொல்வது எதிரில் இருந்தவனுக்கு வலது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தயவுசெய்து அண்ணனிடம் ‘நீ பார்க்கவில்லை’ என்று சொல்லாதீர்கள். ‘எங்கே நின்று பார்த்தாய்’ என்று கேளுங்கள்.

*

கொக்கைன்_தெரு (ரங்கூன்) எழுதியது:

எங்களுக்கு டிவி 1980ல்தான் அக்கா. டீக்கடையில் பெட்டி வைத்திருப்பார்கள், ஒரு டீ வாங்கினால் கடைசி வரை உட்காரலாம். சர்க்கஸ் வந்த நாளில் கடைக்காரரே அடுப்பை விட்டு வந்து நின்று பார்த்தார், பால் பொங்கி வழிந்தது. உங்கள் ரவான் மாமாவைப் படித்துவிட்டு என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

*

இளம்பரிதி_24 (மொரிசியஸ்) எழுதியது:

டீச்சர், வணக்கம். நான் கியூர்பைப். கூரையிலிருந்து தொங்கும் துணியில் ஏறிச் செய்யும் பயிற்சியை மூன்று வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்தத் திரியை மூன்று முறை படித்துவிட்டேன். டர்பன் ஐயா சொன்ன அந்த உள்ளங்கை உண்மை, வெள்ளைப் பொடி வியர்வையை உறிஞ்சத்தான், தோலைக் காப்பாற்றாது. பிடிக்கிறவர் விரலைப் பிடிக்க மாட்டார், மணிக்கட்டுக்கு மேலே பிடிப்பார், பறக்கிறவரும் அவர் மணிக்கட்டைப் பிடிப்பார், ஒருவர் நழுவினாலும் மற்றவர் பிடி இருக்கும். நீங்கள் சின்ன வயதில் பார்த்ததை அப்படியே ‘மணிக்கட்டை’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று குட்டிக்கரணம் போட்டுப் பிடிப்பதே பல வருடம் பெரிய சாதனையாக இருந்தது. நான்கு போட்டுப் பார்வையாளர்கள் முன்னால் பிடித்துக் காட்டியது 1982 ஜூலை 10, அமெரிக்காவில் டூசான் ஊரில், மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் வாஸ்கேஸ். பிடித்தவர் அவருடைய அண்ணன் ஹுவான். பறந்தவர் பேர்தான் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் யாரும் விலங்குகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஐயா சிங்கக் கூண்டு என்று சொன்னார், அவ்வளவுதான். பிரான்ஸில் 2021 நவம்பரில் சட்டம் போட்டு, ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ்களில் 2028லிருந்து காட்டு விலங்கு கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். இந்தியாவில் 1998லேயே சிங்கம், புலி, கரடி, குரங்கு இவற்றைப் பழக்கி ஆட்டம் காட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். அப்போது பார்த்த உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

*

டர்பன்_மெக்கானிக் எழுதியது:

தம்பி, தோன்றியது. கூண்டு எங்களை உரசிப் போனது என்றேன் அல்லவா, அந்தச் சிங்கம் கம்பிக்குள் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே நடந்தது. எட்டு வயதில் அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அப்போதும் கை தட்டினேன், அது உண்மை. இன்றைக்குச் சட்டம் வந்தது நல்லது என்றுதான் நினைக்கிறேன், கையும் காலும் உள்ள மனிதன் தன் விருப்பத்தில் ஏறிப் பறக்கிறானே, அது போதும்.

*

சவுக்குத்தோப்பு எழுதியது:

இரண்டு நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். முதலில் இளம்பரிதிக்கு.

கோபம் எதற்கு, நல்ல கேள்வி. சர்தாரின் அம்மா அந்த அறையில் ஒரு மூலையில் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் தீவில் யானை ஏது, கோவிலில் கல்லில் செதுக்கிய பிள்ளையாரைத்தான் பாட்டி வாழ்நாள் முழுதும் கும்பிட்டார். முதன்முதலாகத் திரையில் யானை வந்ததும் பாட்டி எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார், எங்கள் எல்லாரையும் கும்பிடச் சொன்னார், நாங்களும் கும்பிட்டோம். அடுத்தது அந்த யானையை ஒரு சின்ன முக்காலி மேல் ஏற்றி ஒற்றைக் காலில் நிற்க வைத்தார்கள். ஒருவன் கையில் கொக்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்தார், கையை இறக்கினார், ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பார் விளையாட்டு தொடங்கியதும் ரவான் சத்தம் கேட்டுத்தான் வெளியே வருவார், யானை வந்தால் திரும்பிப் போய்விடுவார். அந்த அறையில் உனக்கிருக்கிற கேள்வி ஒருவருக்கு அப்போதே இருந்தது தம்பி.

இனி அண்ணன்.

டர்பன் ஐயா சொன்னபடி நேற்று போன் செய்து, சண்டை எதுவும் போடாமல், ‘அண்ணே, நீ எங்கே நின்று பார்த்தாய்’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ‘ஜன்னல்ல’ என்றார். எனக்குப் புரியவில்லை. கம்பம் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் கட்டியிருந்தது, அது சரி, ஆனால் டிவி வைத்திருந்ததும் அதே சுவரில். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்கள் முகம் தெரியும், பெட்டியின் முதுகுகூடத் தெரியாதே என்றேன்.

‘எதிர்ச் சுவர்ல என்ன இருந்துச்சு?’ என்று கேட்டார்.

சர்தார் வீட்டு அலமாரி. கதவு முழுக்கக் கண்ணாடி பதித்தது, கல்யாணச் சீராக வந்தது, அதைத் தொடக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பு. நாங்கள் எல்லாரும் அதற்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணன் ஒவ்வொரு வாரமும் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எங்கள் தலைகளுக்கு மேலாக, அந்தக் கண்ணாடியில் சர்க்கஸ் பார்த்திருக்கிறார். நிகழ்ச்சி தொடங்கும்போது எழுத்து ஓடுமாம், அது எப்போதும் தலைமாறி இருக்குமாம், ஒரு எழுத்தும் படிக்க முடியாதாம். பிடிக்கிறவன் அவருக்கு இடது பக்கம்தான். ‘வந்துச்சா, வந்துச்சா’ என்று ஏன் கேட்டாய் என்றேன். கண்ணாடியில் அவருக்கு மங்கலாகத்தான் தெரியுமாம், எங்களுக்குத் தெளிவாக வருகிறதா என்று கேட்டாராம்.

இதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘நீ எங்கே பார்த்தாய்னுதானே சொல்லுவே, பார்த்தியான்னு ஒரு நாளும் கேக்கலையே’ என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போனில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மாவே இருந்தோம். அப்புறம் அவரே ‘கடலை எல்லாம் நீயே தின்னுட்டு எனக்கு ரெண்டே ரெண்டு கொண்டுவந்து குடுப்பே, அதுவும் நெனப்பிருக்கு’ என்றார்.

புதுவைமகள், அந்தப் பழைய நிகழ்ச்சிகள் பிரான்ஸின் ஒலி ஒளி ஆவணக் காப்பகத்தில் இருக்கும், இணையத்திலும் கொஞ்சம் கிடைக்கும் என்று என் மகன் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மாபூரிலிருந்து வருகிறார், பெரிய டிவியில் போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம், அவருக்கு நேர் எதிரே நாற்காலி, இந்த முறை சத்தத்தோடு. 1971, 72ல் பார் விளையாட்டுக் குழு வந்த நிகழ்ச்சி எதுவென்று உங்களுக்குத் தெரிந்தால் அதற்கு முன்னால் எழுதுங்கள்.

*

புதுவைமகள் எழுதியது:

சனிக்கிழமைக்குள் தேடி எழுதுகிறேன் அக்கா. அண்ணனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.